மலை ஏறியும் இறங்கியும்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பெட்ரோல் கணக்கு

27 பிப்ரவரி 2024, செவ்வாய். கிள்ளானிலிருந்து சுங்கை சிப்புட்

பருவநிலைக்கும் காரின் பெட்ரோல் செலவுக்கும் தொடர்பு உண்டு என்றால், அது பனி பெய்யும் நாட்டுக்காரர்களின் கவலை என்றே நம்மவர்களுள் பெரும்பாலோர் கருதுகின்றனர். மலேசியச் சமவெளியில் ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் மிக வெப்பமான மாதத்துக்கும் இடையே சராசரி வெப்பநிலை 2 அல்லது 3 பாகை செல்சியசுக்கு மேல் மாறுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் கடற்கரையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில், ஒரே நாளின் விடியலுக்கும் பிற்பகலுக்கும் இடையே 8 முதல் 12 பாகை வரை வேறுபாடு உண்டு. அங்கிருந்து கேமரன் மலைக்கு ஏறிவிட்டால் அது இன்னும் இறங்கும். வேறு நாடுகளில் மாதக்கணக்கில் வரும் மாற்றம் நமக்கு மணிக்கணக்கில் வருகிறது. அந்த மாற்றத்தைக் கார் எப்படி உணர்கிறது என்பதைப் பள்ளி விடுமுறையில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலுள்ள சின்னம்மா வீட்டுக்குப் போகும் வழியிலேயே அளந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

என்னுடன் வந்தவர் பெரியம்மாவின் மகன், எனக்குத் தம்பி. கனடாவின் எட்மன்டன் நகரில் நெடுங்காலமாக வாழ்பவர். "உங்க ஊர்ல என்ன அக்கா, வருஷம் பூரா ஒரே வெயில், வண்டிக்கு ஒரு தொந்தரவும் இல்ல" என்று கிள்ளானில் கிளம்பும்போதே சொன்னார்.

என் கார் ஒரு மைவி, மலேசியாவின் சிறிய பெட்ரோல் கார். அதன் திரை லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று காட்டும். ஆனால் இத்தகைய திரைகள் சற்றுத் தாராளமாகவே காட்டும் என்பதால் அவற்றை ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, உண்மைக் கணக்கை எண்ணெய் நிலையத்தில்தான் போடவேண்டும். முதல் முறை குழாய் தானாக நிற்கும்வரை ஊற்றி, ஓடிய தூரத்தைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கி, அடுத்த முறையும் முதல் நிறுத்தத்தோடு முடித்துக்கொண்டால், இடையில் ஊற்றிய லிட்டரே செலவானது. நின்ற பிறகும் சில்லறை சரியாக வரவேண்டும் என்று மீண்டும் மீண்டும் அழுத்துவதால் இந்தக் கணக்குக் கெடுகிறது.

வடக்கு நோக்கிய நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில், ஏர்கோனை (குளிர்சாதனத்தை) 24 பாகையில் வைத்துச் சென்றோம். வெளியே தஞ்சோங் மாலிமில் 31 பாகை, சிலிம் ரிவரைத் தாண்டும்போது 33. எரிபொருளைச் சேமிக்கலாம் என்று தம்பி ஏர்கோனை அணைத்து நான்கு கண்ணாடிகளையும் இறக்கச் சொன்னார். நெடுஞ்சாலை வேகத்தில் அது பெரிதாகப் பயன் தராது. திறந்த கண்ணாடிகளுக்குள் புகும் காற்று வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. அதை எதிர்த்துத் தள்ள எஞ்சின் செலவிடும் ஆற்றல், ஏர்கோனை அணைத்ததால் மிச்சமான ஆற்றலில் பெரும்பகுதியைத் தின்றுவிடக்கூடும். தாமான் (குடியிருப்புப் பகுதி) சாலைகளில் மெதுவாகப் போகும்போதுதான் கண்ணாடியை இறக்குவது தெளிவான ஆதாயம்.

பீடோரில் கொய்யாப்பழம் வாங்க இறங்கினோம். உப்புத்தூள் தூவி நறுக்கிய ஒரு பை 5 வெள்ளி (ரிங்கிட்). கடைக்காரப் பெண்மணி சீனர்; எங்கள் காரை வெட்டவெளியில் நிறுத்தப் போனதைக் கண்டு கையசைத்து, தம் கடையின் தகரக் கூரை நிழல் விழுந்த இடத்துக்கு நகர்த்தச் சொன்னார். அந்த நிழலுக்காக அங்கிருந்த தம் மோட்டார் சைக்கிளையும் அவரே தள்ளி வைத்தார். வெளியே 35 பாகை. பழம் தின்று முடித்து ஏறியபோது இருக்கை கையில் தொடும்படியாக இருந்தது. பக்கத்தில் வெயிலில் நின்ற காரின் சொந்தக்காரரோ கதவைத் திறந்துவிட்டு ஏறாமல் நின்றுகொண்டிருந்தார்.

ஈப்போ உத்தாராவில் நெடுஞ்சாலையை விட்டிறங்கி, செம்மோர் வழியாகப் பழைய சாலையில் சுங்கை சிப்புட்டை அடைந்தோம். 238 கிலோமீட்டருக்கு 13.6 லிட்டர், ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 2 வெள்ளி 5 காசு என்ற அன்றைய விலையில் 27 வெள்ளி 88 காசு. லிட்டருக்கு 17.5 கிலோமீட்டர். மற்ற நாள்களின் கணக்கை இதனோடுதான் ஒப்பிடப் போகிறேன்.

28 பிப்ரவரி, புதன். சுங்கை சிப்புட்

சின்னம்மா பால்மரம் வெட்டியவர். தோட்டத்து ரப்பர் மரங்கள் செம்பனையாக மாறி, லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) இடிந்து, குடும்பம் தாமான் வீட்டுக்கு வந்து நெடுங்காலம் ஆகியும் அவருடைய நேரக்கணக்கு மாறவில்லை. விடியற்குளிரில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் ஓட்டம் குறையும் என்பதால் இருட்டோடு எழுந்த உடம்பு, இன்றும் காலை 9 மணிக்குள் வெளிவேலைகளையெல்லாம் முடித்துவிடுகிறது.

எனவே 6:45 மணிக்கே எங்களை எழுப்பிச் சந்தைக்கு அழைத்துச் சென்றார். வெளியே 24 பாகை. சாலையோரக் கடையில் ரொட்டி சானாய் 1 வெள்ளி 80 காசு, தே தாரிக் 2 வெள்ளி. பருப்புக் குழம்பை மட்டும் இரண்டாம் முறை கேட்காமலே ஊற்றினார்கள். பிறகு சந்தை, மளிகைக் கடை, பூக்கடை, மகாத்மா காந்தி கலாசாலைக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் உறவினர் வீடு என்று ஒரே சுற்றாக முடித்தோம். கண்ணாடிகளை இறக்கியே ஓட்டினேன். ஒவ்வோர் இடத்திலும் பத்துப் பதினைந்து நிமிடங்களே நின்றதால் எஞ்சின் சூடு ஆறவே இல்லை. வீடு திரும்பியபோது திரை 13.1 என்று காட்டியது. நிறுத்தி நிறுத்தி ஓடும் ஊர்ப்பயணத்துக்கு அது நல்ல எண்.

பிற்பகலில் அதே அளவு தூரத்தைத் துண்டு துண்டாக ஓடினோம். தம்பிக்கு வங்கியில் வேலை, வீட்டுக்குத் திரும்பினோம். சித்தப்பாவுக்கு மருந்து, மீண்டும் வீடு. மாலைப் பலகாரம், மீண்டும் வீடு. ஒவ்வொரு முறையும் கார் 35 பாகை வெயிலில் காய்ந்து நின்றது. திரை 9.2-க்கு இறங்கியது. அதே ஊர், அதே சாலைகள், அதே கைகள். மாறியது நேரமும் பயணத்தை அடுக்கிய முறையும் மட்டுமே.

இந்த வீழ்ச்சிக்குக் காரணம் தெளிவானது. ஏர்கோனின் கம்ப்ரசர் (குளிரூட்டும் வாயுவை அழுத்தும் பகுதி) எஞ்சினிலிருந்து பெல்ட் வழியாக ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. மூடிய கார் வெயிலில் நின்றால் உள்ளே இருக்கும் காற்றும் இருக்கைகளும் டேஷ்போர்டும் வெளிவெப்பத்தைவிட மிக அதிகமாகச் சூடேறுகின்றன. கிளம்பியதும் அந்தச் சூட்டையெல்லாம் வெளியேற்றுவதற்குக் கம்ப்ரசர் முழுமூச்சாக உழைக்கிறது. நீண்ட பயணத்தில் இந்தத் தொடக்கச் செலவு பல கிலோமீட்டர்களில் பரவிவிடும். இரண்டு கிலோமீட்டர் பயணத்தில் பரவுவதற்கு இடமில்லை, உள்ளே குளிர்வதற்கு முன்பே பயணம் முடிந்துவிடுகிறது. கடும் வெப்பத்தில் ஏர்கோன் பயன்பாடு, சிறப்பாகக் குறும்பயணங்களில், காரின் எரிபொருள் சிக்கனத்தை 25 விழுக்காட்டுக்கும் மேல் குறைக்கக்கூடும் என்று அமெரிக்க எரிசக்தித் துறையே ஓட்டுநர்களுக்குச் சொல்கிறது. எங்கள் 13.1-க்கும் 9.2-க்கும் இடையேயான வேறுபாட்டை வைத்துப் பார்த்தால் அது மிகையாகத் தோன்றவில்லை.

இதற்குப் பெரிய வைத்தியம் எதுவும் தேவையில்லை. ஏறுவதற்கு முன் எல்லாக் கதவுகளையும் திறந்து சூட்டை வெளியேற்றிவிட்டு, முதல் சில நூறு மீட்டர் கண்ணாடியை இறக்கி ஓட்டி, அதன்பிறகு ஏர்கோனைப் போட்டு, உள்காற்றே சுழலும்படி பொத்தானை மாற்றிவிட்டால் கம்ப்ரசரின் சுமை பெரிதும் குறையும். கார் நிறுத்துமிடத்தில் எஞ்சினையும் ஏர்கோனையும் ஓடவிட்டு உள்ளே அமர்ந்து கைப்பேசி பார்ப்பவர்களை இன்று வங்கிக்கு வெளியிலேயே பலரைக் கண்டேன். நிற்கும் கார் ஓடவிட்ட எஞ்சினோடு ஒரு லிட்டருக்குப் பூஜ்யம் கிலோமீட்டர் ஓடுகிறது என்பதை அவர்களிடம் போய்ச் சொல்லவேண்டும் போல் இருந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது சித்தப்பா தம் பழைய நம்பிக்கை ஒன்றைச் சொன்னார். அவர் கேமரன் மலையிலுள்ள கம்போங் ராஜாவிலிருந்து ஈப்போவுக்குக் காய்கறி லோரி ஓட்டியவர். "காலையில குளிர்ல ஊத்தினா எண்ணெய் கெட்டியா இருக்கும்மா, கொடுத்த காசுக்குக் கூட கிடைக்கும்" என்றார். பெட்ரோல் வெப்பத்தில் விரிவது உண்மை. 10 பாகைக்கு ஏறக்குறைய 1 விழுக்காடு. ஆனால் நிலையத்தின் தொட்டி மண்ணுக்கு அடியில் இருப்பதால் அதற்குள் விடியலும் நண்பகலும் பெரிதாக வேறுபடுவதில்லை. முழுதாக 10 பாகை வேறுபட்டாலும் 30 லிட்டரில் கிடைக்கும் ஆதாயம் ஏறக்குறைய 60 காசுதான். காலையில் ஊற்றுவதன் உண்மையான ஆதாயம், அந்த நேரத்தில் சாலை காலியாகவும் வெயில் தணிந்தும் இருப்பதுதான். சித்தப்பா அதை ஏற்றுக்கொள்ளவில்லை. நாளைக்கும் காலையிலேயே ஊற்றச் சொன்னார்.

29 பிப்ரவரி, வியாழன். தானா ராத்தா

நால்வரும் இருட்டோடு புறப்பட்டுச் சிம்பாங் பூலாயில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவை நோக்கி ஏறத் தொடங்கினோம். இந்தச் சாலை தாப்பா வழியைவிட அகலமானது, வளைவுகளும் குறைவு. ஆனால் ஏற்றம் ஏற்றமே. சுண்ணாம்புக் குன்றுகள் பின்னால் மறைந்ததிலிருந்து, திரையின் எண் 15, 13, 12 என்று இறங்கியபடியே இருந்தது.

தம்பி கைப்பேசியில் கணக்குப் போட்டார். ஆள்களும் பைகளும் சேர்த்து வண்டி ஏறக்குறைய 1,250 கிலோ. அதை 1,400 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கு 17 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் இருக்கிறது. ஆனால் எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடச் சக்கரத்துக்குக் கொடுப்பதில்லை, மற்றதெல்லாம் சூடாகப் போகிறது. ஆக, தூக்கும் வேலைக்கு மட்டும் 2 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகவேண்டும். தானா ராத்தாவில் ஊற்றிப் பார்த்தபோது, 82 கிலோமீட்டருக்கு 6.9 லிட்டர், லிட்டருக்கு 11.9 கிலோமீட்டர். சமவெளிக் கணக்குப்படி அதே தூரத்துக்கு 4.7 லிட்டர் ஆகியிருக்கும். மிகுதி 2.2 லிட்டர், தம்பியின் கணக்குக்கு மிக அருகில் வந்தது.

அந்த மிகுதியைக் குளிரின் தலையில் ஏற்றிவிடக்கூடாது. பாதி வழியில் வெளியே 24 பாகை ஆனதும் ஏர்கோனை அணைத்து, பெரும்பாலும் கண்ணாடிகளை இறக்கியே ஏறினோம். கொஞ்ச தூரம் ஏர்கோனோடும் ஏறிப் பார்த்தேன். அதே சரிவில் திரை இன்னும் கீழே போயிற்று. உயரம் பெட்ரோலைக் குடித்தது. குளிர் அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது.

கம்போங் ராஜாவைத் தாண்டியதும் மூடுபனி சாலையை மறைத்தது. கண்ணாடிக்குள்ளும் ஆவி படிந்தது. துணியால் துடைக்கத் துடைக்க அது மீண்டும் மீண்டும் படிந்ததால் சாலையோரம் நிறுத்தவேண்டியதாயிற்று. இங்குதான் ஏர்கோன் தேவைப்படுகிறது. காற்றின் ஈரத்தைப் பிரித்தெடுக்கக் கம்ப்ரசர் ஓடவேண்டும். குளிரூரில் ஏர்கோனே வேண்டாம் என்று பெட்ரோல் மிச்சம் பார்த்துக் கண்ணாடி மங்கலாக ஓட்டுவதை நான் ஒருபோதும் சிக்கனம் என்று சொல்லமாட்டேன். எங்களைக் கடந்துபோன காய்கறி லோரிக்காரர் ஒருவர் முன்னால் நிறுத்தி, இறங்கி வந்து, வண்டி கெட்டுவிட்டதா என்று தமிழில் விசாரித்தார். சித்தப்பாவை அடையாளம் கண்டுகொண்டதும் அங்கேயே கால் மணி நேரப் பேச்சு ஆகிவிட்டது. டீசல் அன்று, 2024 பிப்ரவரியில், லிட்டர் 2 வெள்ளி 15 காசாக இருந்தது. மலைக்காய்கறி லோரிகளுக்கு ஒரு வசதி உண்டு என்றார் சித்தப்பா: வெறும் வண்டியாக ஏறி, சுமையோடு இறங்கலாம். சுமையோடு ஏறவேண்டியிருந்தால் முட்டைக்கோஸ் விலை வேறாக இருந்திருக்கும்.

இரவு தானா ராத்தாவில் தந்தூரிக் கோழியும் நான் ரொட்டியும். ஆளுக்கு 16 வெள்ளி. வெளியே 18 பாகை. சின்னம்மா இரண்டு சட்டை போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

1 மார்ச், வெள்ளி. தானா ராத்தா, பிரிஞ்சாங்

காலை 6:30 மணிக்கு 16 பாகை. காரை இயக்கியதும் திரையில் நீல விளக்கு எரிந்தது. எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. கிள்ளானில் ஓரிரு நிமிடங்களில் அணைந்துவிடும். இங்கே தெருமுனைக் கடைக்குப் போய்ச் சேரும்வரை எரிந்தது.

குளிர் காரை எப்படிப் பாதிக்கிறது என்று கேட்டபோது தம்பி உற்சாகமாகிவிட்டார். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை; அதனால் கணினி வழக்கத்தைவிடக் கூடுதலாக ஊற்றுகிறது. எஞ்சின் எண்ணெயும் கியர் எண்ணெயும் சக்கரத்துக் கிரீஸும் கெட்டிப்பட்டு, ஒவ்வொரு சுழற்சிக்கும் தடை கொடுக்கின்றன. இவையெல்லாம் 16 பாகையில் சிறிய அளவில் நடப்பவை. எட்மன்டனில் பூஜ்யத்துக்குக் கீழே 20, 30 பாகை என்று இறங்கும்போது இவை பணப்பையைத் தொடுகின்றன. அமெரிக்க அரசின் கணக்குப்படி, நகரச் சாலையில் 25 பாகையில் ஓடும் பெட்ரோல் காரின் சிக்கனம், −7 பாகையில் ஏறக்குறைய 15 விழுக்காடு குறைகிறது. ஐந்தாறு கிலோமீட்டருக்குள் முடியும் குறும்பயணமானால் 24 விழுக்காடு வரை குறையலாம். ஹைபிரிட் கார்களுக்கு இழப்பு இன்னும் கூடுதல், 30 முதல் 34 விழுக்காடு.

எட்மன்டனில் வீட்டு வாசலிலும் அலுவலக நிறுத்துமிடத்திலும் மின்செருகு முனைகள் நட்டிருப்பார்களாம். எஞ்சினோடு பொருத்திய மின்சூடேற்றியின் வயரை அதில் செருகிவிட்டுத் தூங்கப் போவார்கள். இரவு முழுவதும் சூடேற்றுவது மின்சாரத்துக்குக் கேடு என்பதால், புறப்படுவதற்கு ஓரிரு மணி நேரத்துக்கு முன் தானாக இயங்கும்படி நேரக்கருவி வைத்துக்கொள்வார்கள். எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றுவதை அவர் வெறுக்கிறார். அரை நிமிடம் போதும், பிறகு மெதுவாக ஓட்டத் தொடங்குவதுதான் எஞ்சின் விரைவாகச் சூடேற வழி என்றார். குளிர்ந்த காற்றின் அடர்த்தியையும் அவர் விளக்கினார். பூஜ்யத்துக்குக் கீழே 20 பாகையிலுள்ள காற்று, நம் 30 பாகைக் காற்றைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி மிக்கது. நெடுஞ்சாலையில் அந்தக் காற்றைக் கிழித்துச் செல்லும் செலவும் அதே அளவுக்குக் கூடும். அங்கே குளிர்காலத்தில் விற்கும் பெட்ரோலும் எளிதில் ஆவியாகும்படி கலக்கப்படுவதால், அதன் ஆற்றலும் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. நமக்கு ஏர்கோன் செய்யும் செலவு அவர்களுக்கு ஹீட்டரால் நேர்வதில்லை. எஞ்சின் வீணாக்கும் சூட்டையே அது உள்ளே அனுப்புகிறது. அந்த வீண்சூடு இல்லாத மின்கார்கள்தாம், சூடேற்றவும் பேட்டரியிலிருந்தே எடுக்க நேர்வதால், குளிர்காலத்தில் தூரத்தை இழக்கின்றன.

இந்தப் பயணத்தில் என்னை வியக்கவைத்தது டயர். தங்குமிடத்துக்கு எதிரே ஜொகூர் எண்பலகைக் காரின் சொந்தக்காரர், குளிரில் காற்று குறைந்திருக்கும் என்று சொல்லி, எண்ணெய் நிலையத்துக்குக் கிளம்பினார். அவர் சொன்ன விதி சரியானதே. மூடிய டயருக்குள் 5 அல்லது 6 பாகை குறைந்தால் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ (ஏறக்குறைய 7 கிலோபாஸ்கல்) அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்த டயர் சாலையில் நசுங்கி ஓடுவதால் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். நாங்களும் பின்னால் சென்றோம். நிலையத்தின் காற்றுக்கருவி வேலை செய்யவில்லை; பணம் வாங்கும் இளைஞர் தம் சொந்த அளவுமானியை மேசைக்கடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சுங்கை சிப்புட்டில் நேற்று விடியலில் 24 பாகையில் 225 கிலோபாஸ்கல் காட்டிய அதே டயர், இங்கே 16 பாகையில் 231 காட்டியது. குளிர்ந்தும் ஏறியிருந்தது.

சித்தப்பா கொஞ்சமும் வியக்கவில்லை. "மலைக்கு மேல நாங்க காத்தே அடிக்கமாட்டோம்" என்றார். காரணத்தை யோசித்துப் பார்த்தோம். அளவுமானி காட்டுவது டயருக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே. தானா ராத்தாவின் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 16 கிலோபாஸ்கல் குறைவு. 8 பாகைக் குளிர்ச்சி டயரிலிருந்து 9 கிலோபாஸ்கலை எடுத்தது; உயரம் 16-ஐக் கொடுத்தது. மிஞ்சியது சற்று ஏற்றமே. எட்மன்டனில் உயரம் மாறாமல் குளிர் மட்டும் 45 பாகை இறங்குவதால், கோடையில் சரியாக அடித்த டயர் குளிர்காலத்தில் 7 பிஎஸ்ஐ அளவுக்கு இளைத்துவிடும். ஜொகூர்க்காரர் தமக்கும் அளந்து பார்த்துவிட்டு, ஒன்றும் அடிக்காமல், எங்களுக்கு ஒரு டப்பா ஸ்ட்ராபெரி கொடுத்துவிட்டுப் போனார்.

பிற்பகலில், மலைமேல் பக்கத்து ஊரான பிரிஞ்சாங்கில் நெரிசல். வேகவைத்த சோளம் 3 வெள்ளிக்கு வாங்கித் தின்றதைத் தவிர அந்த ஒன்றரை மணி நேரத்தில் எழுதத்தக்கது ஒன்றும் இல்லை. நகர்ந்து நின்று நகர்ந்ததில், மலைமேல் 34 கிலோமீட்டர் ஓட 4.1 லிட்டர் செலவாயிற்று. லிட்டருக்கு 8.3. குளிர்ந்த எஞ்சினும், குட்டிக் குட்டிப் பயணங்களும், வரிசையில் நிற்பதும் சேர்ந்தால் வெயிலே இல்லாத ஊரிலும் சுங்கை சிப்புட்டின் பிற்பகலைவிட மோசமான எண் வரும்.

2 மார்ச், சனி. தாப்பா வழியாகக் கிள்ளான்

ரிங்லெட் வழியாகப் பழைய சாலையில் இறங்கினோம். எண்ணற்ற வளைவுகள், சின்னம்மா கண்ணை மூடிக்கொண்டு கையில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிவிடுபவர்கள் உண்டு. அது பிரேக்கைச் சூடேற்றி உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது. அதில் மிச்சமும் கிடையாது. கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுவதால் கணினி பெட்ரோலை முழுதாக நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் போட்டாலோ எஞ்சின் தன்னைத்தான் ஓட்டிக்கொள்ளப் பெட்ரோல் கேட்கிறது. கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்கினேன்.

லாத்தா இஸ்கண்டார் அருவிக்கு அருகே ஓராங் அஸ்லி (பூர்வகுடி) குடும்பம் ஒன்றிடம் ஒரு கட்டுப் பெத்தாய் (காட்டு அவரை வகை) 10 வெள்ளிக்கு வாங்கினோம். விலை பேச முயன்ற தம்பியிடம் அந்த அம்மையார் சிரித்தபடியே இன்னொரு கொத்தைச் சேர்த்துக் கொடுத்து, விலையை அப்படியே வைத்துக்கொண்டார். புறப்பட்டபோது 17 பாகை, இங்கே 28, தாப்பாவில் 34. எட்மன்டன்காரர் ஒரு வசந்தம் முழுவதும் காத்திருந்து பெறும் வெப்பத்தை ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவந்தோம்.

தாப்பாவில் ஊற்றியபோது 60 கிலோமீட்டருக்கு 2.3 லிட்டர், லிட்டருக்கு 26. இவ்வளவு குறைவாக ஊற்றும்போது குழாய் ஒரு கணம் முந்தி நின்றாலும் கணக்கு ஆடிப்போகும் என்பதால், இந்த எண்ணை மற்றவற்றைப் போல் நான் நம்பவில்லை. ஆனாலும் வியாழக்கிழமை ஏறிய 11.9-க்கு நேர் எதிர்த்திசையில் அது நிற்பதில் ஐயமில்லை. சித்தப்பாவும் சின்னம்மாவும் தாப்பாவிலுள்ள மகள் வீட்டில் இறங்கிக்கொண்டார்கள். அங்கே மீன்குழம்பு, பெத்தாய்ச் சம்பல், தயிர். கிளம்பும்போது மணி 3. கார் வாசலில் வெயிலில் நின்றிருந்தது. சொல்லாமலே சித்தப்பா போய் நான்கு கதவுகளையும் திறந்து வைத்தார்.

தஞ்சோங் மாலிமுக்குத் தெற்கே மழை பிடித்துக்கொண்டது. வெளியே வெப்பம் 34-லிருந்து 25-க்கு விழுந்ததால் ஏர்கோனின் சுமை குறைந்தது. ஆனால் நீர் நின்ற சாலையில் டயர்கள் தண்ணீரை ஓயாமல் தள்ளிக்கொண்டே ஓடவேண்டியிருந்தது. முன்விளக்கும் துடைப்பானும் ஓடின. ரவாங்கிலிருந்து வரிசை ஊர்ந்தது. 168 கிலோமீட்டருக்கு 10.1 லிட்டர், லிட்டருக்கு 16.6. போகும்போது வெயிலில் கிடைத்ததைவிடக் குறைவு. பேராக், சிலாங்கூர் பக்கங்களில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும்தான் மழை மிகுதி என்பதால், நம் சமவெளிக்குப் பருவம் என்று ஒன்று இருந்தால் அது தண்ணீர் வழியாகவே வண்டியைத் தொடுகிறது என்று எண்ணுகிறேன்.

நவம்பரில் இதே வழியில் மீண்டும் போய், இதே நிலையங்களில் முதல் நிறுத்தம்வரை ஊற்றிப் பார்க்கப் போகிறேன். ஜனவரியில் தம்பி எட்மன்டனில் ஒரு வாரம் மின்சூடேற்றியைச் செருகியும், ஒரு வாரம் செருகாமலும் வேலைக்குப் போய் வந்து, இரண்டு எண்களையும் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.